ஆளில்லா வீட்டின் வெப்பம்

1. இக்குறிப்புகளை எழுதும் நான், காங்கயம் குழந்தைவேலின் மகன், ஐம்பத்தோரு வயதுடைய தெய்வசிகாமணி. செவ்வாயின் தென்முனையை ஒட்டி, பனிக்கட்டி வெட்டி எடுக்கும் பனிவயல் குடியிருப்பின் சட்ட அலுவலர். முதல் வீட்டில் தனியாக வசிக்கிறேன்.

2. கண்டதைக் கண்டதாகவும், இன்டர்காமில் கேட்டதைக் கேட்டதாகவும், ஊகித்ததை ஊகம் என்றும் பிரித்தே எழுதுவேன். இதைக் கண்டெடுப்பவர் அந்த வேறுபாட்டை மனத்தில் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

3. இக்குடியிருப்பில் ஆள் வசிப்பவை மூன்று வீடுகள். இரண்டாம் வீட்டில் இயந்திரப் பொறுப்பாளர் நாச்சிமுத்துவும் அவர் மனைவி பாவாயியும் உள்ளனர். மூன்றாம் வீட்டில் துளசிமணியும் அவருடைய நான்கு வயது மகள் நிறைமதியும் உள்ளனர். துளசிமணியின் கணவர் வடமுனைச் சுரங்கத்தில் பணியில் இருக்கிறார். குளிர்காலம் முடிந்தே திரும்புவார். வரிசையின் கடைசியில் விருந்தினர் வீடு. எங்கள் ஊர் வழக்கப்படி அதை 'ஒரம்பரை வீடு' என்கிறோம். அங்கு இப்போது யாரும் இல்லை.

4. நான்கு வீடுகளையும் ஒரே சுரங்கப்பாதை இணைக்கிறது. வெப்பச் செலவைக் குறைப்பதற்காக, குளிர் உச்சத்தில் இருக்கும் வாரங்களில் அப்பாதையிலுள்ள காற்று முழுவதும் உறிஞ்சி எடுக்கப்படும். பிளாஸ்கின் இரு சுவர்களுக்கு இடையே வெற்றிடம் இருப்பதைப் போன்றது இது. வீடுகளின் சூடு வெளியே கசியாது. ஆனால் அந்த வாரங்களில் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போக முடியாது. வெளியே போக அணியும் காற்றுடைகள் நான்கும் வெளிவாயிலை ஒட்டிய ஒரம்பரை வீட்டின் அலமாரியில் உள்ளன.

அடைப்பு நாள் 9. காலை.

பாதை அடைக்கப்பட்டு ஒன்பதாம் நாள். வீட்டு வெப்பம் பதினான்கு டிகிரி. காற்றின் தரம் சரி. தண்ணீர் வருகிறது. உடல்நலம் நன்று.

கடைப்பிடித்து வரும் சிக்கன முறைகளைப் பதிவு செய்கிறேன். படுக்கையறையை மூடிவிட்டுச் சமையலறையிலேயே உறங்குகிறேன். அறைக்கதவின் அடியிடுக்கில் பழைய வேட்டியைச் சுருட்டி வைத்துள்ளேன். வெளிச்சுவரை ஒட்டி அரிசிப் பெட்டிகளை அடுக்கியதில் ஓரளவு பயன் தெரிகிறது. சோறு வடித்த கஞ்சியை உடனே கொட்டுவதில்லை. அது ஆறும்வரை பாத்திரம் அறையிலேயே இருக்கும். குளியல் வாரம் ஒரு முறை.

மற்ற இரு வீடுகளிலும் ஏறக்குறைய இதே முறைகள். பாவாயி அம்மாள் வீட்டிலுள்ள பட்டுப்புடவைகளை எல்லாம் சன்னல் தடுப்புக்கு மேல் தொங்கவிட்டிருப்பதாகத் தெரிவித்தார். "கல்யாணத்துக்குக் கட்டுனதுல இருந்து பொட்டிக்குள்ளயே கெடந்துதுங்க. இப்பத்தான் ஒரு பிரயோசனம்" என்றார்.

அடைப்பு நாள் 11. மாலை.

வெப்பம் எவ்வாறு பங்கிடப்படுகிறது என்பதை இங்கே விளக்குவது அவசியம் எனக் கருதுகிறேன்.

குடியிருப்பின் உலையை நாங்கள் 'அடுப்பு' என்கிறோம். அதன் வெப்பத்தை வீடுகளுக்குப் பிரித்தளிப்பது ஒரு பங்கீட்டுப் பொறி. நாச்சிமுத்து அதற்கு 'கணக்குப்பிள்ளை' என்று பெயரிட்டார், பெயர் நிலைத்துவிட்டது. நாள்தோறும் மாலையில் அது ஒவ்வொரு வீட்டையும் வரிசையாகக் கேட்கும்: "இன்றைய வெப்பப் பங்கு முழுவதும் தேவையா?" தேவை என்றாலோ பதில் சொல்லாமல் இருந்தாலோ பங்கு அவ்வீட்டிலேயே இருக்கும். தேவையில்லை என்றால், விட்டுக்கொடுத்த பகுதி அடுத்த வீட்டுக்குப் போகும்.

இவ்வாண்டு அடுப்பின் ஒரு குழாய் பழுதடைந்துள்ளது. எனவே பூமியிலுள்ள நிர்வாகம் புதிய சிக்கன விதியொன்றைச் சேர்த்தது. அதன் சாரம்: ஒரு வீடு எவ்வளவு வெப்பத்தோடு ஒரு வாரத்தைக் கழித்ததோ, அவ்வளவே அவ்வீட்டுக்குப் போதுமானது எனக் கொள்ளப்படும். விட்டுக்கொடுத்த பங்கு, அதைப் பெற்ற வீடு இசைந்தாலன்றி, இக்குளிர்காலத்தில் திரும்பாது.

இன்றைய மாலை உரையாடல் வழக்கம் போல நடந்தது. கேட்டதைக் கேட்டவாறே எழுதுகிறேன்.

பொறி முதலில் என்னைக் கேட்டது. "கொஞ்சம் போதுமுங்க. மிச்சத்தை நாச்சிமுத்துவுக்குக் குடுங்க" என்றேன்.

நாச்சிமுத்து: "எங்களுக்கெதுக்குங்க அத்தன? பாவாயி பக்கத்துல இருந்தாலே அனல் அடிக்குது. புள்ள இருக்கற ஊட்டுக்குக் குடுங்க, கணக்குப்பிள்ளை."

பாவாயி, பின்னாலிருந்து: "அனல் அடிக்குதா? இரு, கரண்டியோட வர்றேன்."

துளசிமணி: "எங்களுக்குப் போதுமுங்க. வக்கீலண்ணன் தனியா இருக்கறாரு. அவருக்குக் குடுத்துருங்க."

பொறி ஒவ்வொரு முறையும் "பதிவு செய்யப்பட்டது" என்றது.

அடைப்பு நாள் 13. நண்பகல்.

வீட்டு வெப்பம் பதினொன்று.

நிர்வாகத்திடமிருந்து வந்த செய்தியை முழுமையாகப் பதிகிறேன்: "பனிவயல் குடியிருப்பினருக்குப் பாராட்டுகள். செவ்வாயிலுள்ள குடியிருப்புகளில் வீட்டு வெப்பச் செலவை மிக அதிகமாகக் குறைத்தவர்கள் நீங்களே. உங்கள் முறையைப் பிற குடியிருப்புகளும் பின்பற்றுமாறு அறிவுறுத்தியுள்ளோம். செவ்வாய் சூரியனுக்குப் பின்னால் மறைவதால், இன்று முதல் ஏறத்தாழ மூன்று வாரம் செய்தித் தொடர்பு இராது. கதகதப்பாக இருங்கள்."

செய்தியை இன்டர்காமில் படித்துக் காட்டினேன்.

நாச்சிமுத்து: "மொத மார்க்குங்களா! பள்ளிக்கூடத்துல வாங்காதத இங்க வாங்கிட்டனே."

பாவாயி: "பூமியில உக்காந்து ஏசிய போட்டுக்கிட்டு நமக்குக் கதகதப்பாம்."

துளசிமணி சிரித்தார். சிரிப்பின் முடிவில் இருமினார். விசாரித்தேன். "ஒண்ணுமில்லீங்கண்ணா, தூசி" என்றார். மூடிய வீட்டில் தூசி எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை.

அடைப்பு நாள் 15. மாலை.

என் வீட்டில் எட்டு டிகிரி. இவ்வீட்டில் நான் இதுவரை பதிந்தவற்றுள் மிகக் குறைவு. கையுறையுடன் எழுதுகிறேன், எழுத்துப் பிழைகளைப் பொறுத்தருள்க.

பிறர் வீடுகளின் நிலையைக் கேட்டறிந்தேன். விடைகளை விடைகளாகவே பதிகிறேன்; உண்மை எனச் சான்றளிக்கவில்லை.

நாச்சிமுத்து: "எட்டு, ஒம்பதுங்க. மலைக்கு டூர் போன மாதிரி இருக்குது. ஸ்வெட்டர் ஒண்ணுதான் கொறச்சல்."

துளசிமணி: "நல்லாருக்குதுங்கண்ணா. உங்கூட்டுப் பங்கு வேற எங்களுக்கு வருதில்லீங்களா. நீங்கதான் குளுருல இருப்பீங்க."

இதில் ஒரு முரண் உள்ளது. துளசிமணி தமது பங்கை எனக்குத் தருவதாக நாள்தோறும் சொல்கிறார். என் வீட்டுக்கு எதுவும் வந்ததாக வெப்பமானி காட்டவில்லை. நானும் நாச்சிமுத்துவும் விட்டவை அவர் வீட்டைச் சேர்ந்திருந்தால், அவ்வீடு இந்த வரிசையிலேயே சூடான வீடாக இருக்க வேண்டும். அவ்வாறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இது ஊகம்.

அடைப்பு நாள் 16. காலை.

இன்று இன்டர்காமில் முதலில் பேசியது நிறைமதி. தாய் உறங்கும்போது பொத்தானை அமுக்கியிருக்கிறாள்.

"மாமா, இங்க பேசுனா வாயில பொகை வருது மாமா. பாருங்க, ஹா... தெரியுதா?"

"தெரியலீங்க அம்மணி. அம்மா எங்க?"

"தூங்குது. தூங்கிக்கிட்டே ஆடுது. என்ற ஸ்வெட்டர் மேல அது சீலையையும் சுத்தி வுட்டிருச்சு. மாமா, எனக்குக் குளுருது. அம்மா சொல்லக்கூடாதுன்னுச்சு."

"ஏனுங் அம்மணி சொல்லக்கூடாது?"

"சொன்னா உங்க ஊட்ல சூடு தீந்து போயிருமாம்."

இவ்விடத்தில் என் சொந்த நிலையைக் குறித்துக் கருத்து ஏதும் எழுத விரும்பவில்லை.

உடனே பங்கீட்டுப் பொறியை அழைத்து, மூன்றாம் வீட்டுக்கு வெப்பம் போதவில்லை என்ற குழந்தையின் கூற்றைப் பதிவு செய்யுமாறு கேட்டேன். விடை: "கூற்றைச் சொன்னவர் சிறார். வீட்டுத் தலைவரின் கூற்று மட்டுமே ஏற்கப்படும். மூன்றாம் வீட்டுத் தலைவர் நேற்று மாலை 'போதும்' எனக் கூறியுள்ளார்."

விதிப்படி விடை சரியானது. அதுவே என்னை அச்சுறுத்துகிறது.

அடைப்பு நாள் 16. நண்பகல்.

பொறியிடம் ஒரே கேள்வி கேட்டேன்: நாங்கள் விட்டுக்கொடுத்த வெப்பம் எங்கே?

விடை: "விட்டுக்கொடுத்த பங்கு வரிசைப்படி அடுத்த வீட்டுக்குச் செல்லும். இரண்டாம் வீடு தேவையில்லை என்றது. மூன்றாம் வீடு தேவையில்லை என்றது. விருந்தினர் வீடு மறுக்கவில்லை. முழுவதும் விருந்தினர் வீட்டில் சேர்ந்துள்ளது. அங்கு தற்போது இருபத்தேழு டிகிரி."

நம்ப முடியாமல் மீண்டும் கேட்டேன். அதே விடை.

நிலைமையை உறுதியான சொற்களில் வைக்கிறேன். யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று நாங்கள் சொன்ன பெயர்களைப் பொறி எங்கள் விருப்பமாகப் பதிந்துகொண்டது, செயல்படுத்தவில்லை. அதற்குத் தெரிந்தது வரிசை ஒன்றே. என் பங்கு நாச்சிமுத்துவைத் தாண்டியது; அவர் பங்கு துளசிமணியைத் தாண்டியது; துளசிமணியின் பங்கு ஆளில்லாத வீட்டில் போய் நின்றது. பிறர் சூடாக இருப்பதாக ஒவ்வொரு வீடும் எண்ணிக்கொண்டிருந்தது. வரிசையில் வாய் திறக்காமல் இருந்தது ஒரம்பரை வீடு ஒன்றே. எல்லாம் அதற்கே கிடைத்தது.

ஆளில்லா வீட்டுக்கு வெப்பம் கூடாது என்று விதி இருக்கிறது. ஒரம்பரை வீட்டுக்கு மட்டும் விலக்கு. அவ்விலக்கை நிர்வாகம் விதிக்கவில்லை. மூன்று குடும்பங்களும் கூடி, வருகிறவர் எந்நேரம் வந்தாலும் குளிர்ந்த வீட்டில் கால் வைக்கக்கூடாது என்று ஒருமனதாகக் கேட்டுப் பெற்றோம். குடியேறிய நாள் முதல் இன்றுவரை வெளியிலிருந்து விருந்தினராக யாரும் வந்ததில்லை.

அடைப்பு நாள் 16. மாலை.

இரு வீடுகளுக்கும் நடந்ததை விளக்கினேன்.

பாவாயி: "அப்ப இத்தன நாளு நாம சேலைய மாட்டி, துணியத் திணிச்சு, ஒருத்தரும் இல்லாத ஊட்டக் காய்ச்சிக்கிட்டு இருந்தமாக்கும்?"

"ஆமாங்க."

"இருவத்தேழு டிகிரி. அங்க போயி வடாம் காய வெக்கலாம்."

நாச்சிமுத்து சிரிக்கத் தொடங்கினார், வெகுநேரம் சிரித்தார். பிறகு கேட்டார்: "துளசி, மெய்யாலுமே சொல்லு. உங்கூட்ல எத்தன?"

துளசிமணி: "...ரெண்டுங்கண்ணா."

"ரெண்டா! ஏன் தாயி நேத்து நல்லாருக்குதுன்ன?"

"நீங்க மட்டும் ஒம்பதுன்னு சொன்னீங்க?"

நாச்சிமுத்துவை முந்திக்கொண்டு பாவாயி சொன்னார்: "நாலு."

இன்று மாலை பொறி கேட்டபோது மூன்று வீடுகளும் "தேவை" என்றோம். பயன் இல்லை. கடந்த வாரம் போதுமானது எனக் கொள்ளப்பட்ட அளவே கிடைத்தது.

அடைப்பு நாள் 17. காலை.

ஒரு வீட்டில் தேங்கிய பங்கை மற்றொரு வீடு கோரிப் பெற விதியில் இடமுண்டு. மூன்றாம் வீட்டின் சார்பில், ஒரம்பரை வீட்டுக்கு எதிராகக் கோரிக்கை தாக்கல் செய்தேன். பொறி ஒரம்பரை வீட்டை அழைத்து அதன் கருத்தைக் கேட்டது. அதன் இன்டர்காம் வழியே நாங்கள் அனைவரும் அந்த வெறுமையைக் கேட்டோம். வெப்பக் காற்று சுழலும் மெல்லிய ஓசை மட்டும் இருந்தது.

பொறி: "வசிப்பவர் இசைவு தெரிவிக்கவில்லை. கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது."

வசிப்பவர் எவரும் இல்லை என வாதிட்டேன். விலக்கு விதியின்படி ஒரம்பரை வீடு எப்போதும் ஆளிருக்கும் வீடாகவே கருதப்படும் எனப் பொறி சுட்டிக்காட்டியது. அந்தச் சொற்றொடர் எங்கள் தீர்மானத்திலேயே உள்ளது.

நாச்சிமுத்து இயந்திர வழியில் ஏதேனும் செய்ய முடியுமா என்று முயன்றார். அடுப்பும் பொறியும் வெற்றிடமாகிவிட்ட பாதைக்கு அப்பால் உள்ளன. பாதையில் காற்றை நிரப்பும் பம்பை அவர் வீட்டிலிருந்தே இயக்கலாம். ஆனால் அதற்கு வீட்டுப் பங்கில் மிச்சம் வேண்டும். "சோத்துக்கே வழியில்லாதவன் விருந்து வெக்கற கதைங்க" என்றார்.

அடைப்பு நாள் 18. காலை.

என் வீட்டில் மூன்று டிகிரி. மூன்றாம் வீட்டில் உறைநிலைக்குக் கீழே போய்விட்டது. அங்கு இரவே தண்ணீர்க் குழாய் உறைந்தது. துளசிமணி குடத்தில் உறைந்த பனிக்கட்டியைப் பாத்திரத்தில் உடைத்துப் போட்டு உருக்குகிறார். சமையல் மின்சாரத்துக்கும் அளவு இருப்பதால் ஒரு நேரத்துக்கு ஒரு டம்ளருக்கு மேல் முடியவில்லை.

நிறைமதியிடம் பேச்சுக் கொடுத்தேன். ஒன்று, இரண்டு சொல்லச் சொன்னேன். ஐந்து வரை சொன்னாள். பிறகு "மாமா, தூக்கம் வருது" என்றாள். பொழுது அப்போதுதான் விடிந்திருந்தது.

துளசிமணியிடம் அவளைத் தூங்கவிட வேண்டாம் என்று சொன்னேன். "தெரியுமுங்கண்ணா" என்றார். அவர் குரலும் சொற்களுக்கு இடையில் நின்று நின்று வந்தது.

குடியிருப்பு விதித்தொகுப்பை முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குகிறேன்.

அடைப்பு நாள் 18. பிற்பகல்.

கண்டேன்.

எனக்கு முன் இந்த முதல் வீட்டில் வேறொரு குடும்பம் இருந்தது. பூமிக்குத் திரும்ப முடிவு செய்து வீட்டை ஒப்படைத்த பின்னும், கலம் வரும்வரை தங்க இடம் வேண்டியிருந்தது. அவர்களுக்காக ஒரு விதி சேர்க்கப்பட்டது. அது பின்னர் நீக்கப்படவில்லை. அது வருமாறு:

"தம் வீட்டை விடுதலைப் பத்திரத்தின் மூலம் குடியிருப்புக்கு முழுமையாக விட்டுக்கொடுத்தவர், அக்கணம் முதல் விருந்தினர் வீட்டில் வசிப்பவராகக் கருதப்படுவார். விருந்தினர் வீட்டின் பங்கு குறித்து முடிவு செய்யும் உரிமை அவருக்குண்டு. பத்திரத்துக்குப் பிற வீடுகளைச் சேர்ந்த, வயது வந்த இருவர் சாட்சியாக வேண்டும்."

'கருதப்படுவார்' என்று உள்ளது. உடல் அங்கு இருக்க வேண்டும் என்று இல்லை. பொறியிடம் கேட்டு இருமுறை உறுதி செய்துகொண்டேன்.

ஆகவே எங்களில் ஒருவர் தம் வீட்டை எழுதிக் கொடுத்தால், அவரே ஒரம்பரை. ஒரம்பரை "எனக்கு வேண்டாம்" என்று சொல்ல முடியும். சொன்னால், தேங்கிய வெப்பம் முழுவதும் கடைசி வீட்டிலிருந்து தொடங்கி ஆளுள்ள வீடுகளுக்குத் திரும்பும்.

விட்டுக்கொடுத்த வீடு அக்கணம் முதல் ஆளில்லா வீடு. அதற்கு வெப்பம் கிடையாது. எழுதிக் கொடுத்தவர் அதற்குள்தான் இருப்பார்.

அடைப்பு நாள் 18. மாலை.

நான் பத்திரம் எழுதப் போவதாகத் தெரிவித்தேன். எதிர்பார்த்ததே நடந்தது.

நாச்சிமுத்து: "அதெப்படிங்க? நீங்க இருங்க. நாங்க எழுதிக் குடுக்கறோம்."

"உங்க ஊட்ல ரெண்டு பேருங்க. நான் ஒருத்தன்."

"ஒருத்தரானா என்னங்க? நீங்க படிச்சவரு. நாளைக்கு நிர்வாகத்துக்குப் பதில் சொல்லோணும்."

"பம்பு ஓட்டறது யாருங்க? நானா? எனக்கு மிக்ஸிக்கு ஃபியூஸ் போடத் தெரியாது."

துளசிமணி: "ஏங்கண்ணா ரெண்டு பேரும் சண்டை? என்ற ஊட்ட எழுதிக் குடுத்தர்றேன். இங்கதான் ஏற்கெனவே சூடே இல்லையே. போறதுக்கு ஒண்ணுமில்ல."

"புள்ளைய எங்க வெப்ப தாயி?" என்றார் பாவாயி.

பிறகு நாச்சிமுத்து மெல்லச் சொன்னார்: "வக்கீலுங்க, நீங்க எழுதுனா நான் சாட்சி சொல்லமாட்டனுங்க. ஒரு மனுசன் பொணமாகப் போறதுக்கு என்ற பேர்ல சாட்சி கேக்காதீங்க."

அதன்பின் இன்டர்காமில் விட்டுக்கொடுத்தல் மீண்டும் தொடங்கியது. நீங்க இருங்க, இல்ல நீங்க இருங்க. பதினெட்டு நாளாக இதைத்தான் செய்தோம். இதனால்தான் இங்கு வந்து நிற்கிறோம். நான் என்றும் குரலை உயர்த்திப் பேசியதில்லை, இன்று பேசினேன். சொன்ன சொற்களை இங்கே எழுத விரும்பவில்லை.

முடிவில் பாவாயி அம்மாள்: "போதும், நிறுத்துங்க எல்லாரும். ஏனுங் வக்கீலுங்க, உங்களுக்குக் குளுருதா, இல்லீங்களா? ஒரு தரம் ஒழுங்கா சொல்லுங்க."

"குளுருதுங்க."

"பயமா இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"அப்பச் சரி. பொய் சொல்லி எழுதறவருக்கு நான் சாட்சி சொல்லமாட்டேன். உங்களுக்குச் சொல்றேன். எழுதுங்க."

நாச்சிமுத்து இன்டர்காமை விட்டு எழுந்து போய்விட்டார் என ஊகிக்கிறேன்.

அடைப்பு நாள் 19. காலை.

பத்திரத்தைப் பொறிக்குப் படித்துக் காட்டினேன். அதன் வாசகம்:

"பனிவயல் குடியிருப்பின் முதல் வீட்டில் எனக்குள்ள வசிப்பு உரிமை முழுவதையும், அவ்வீட்டுக்குரிய வெப்பப் பங்குடன், யாருடைய வற்புறுத்தலும் இன்றிக் குடியிருப்புக்கு விட்டுக்கொடுக்கிறேன். இனி இவ்வீட்டின் மேல் எனக்கோ என் வாரிசுகளுக்கோ பாத்தியதை இல்லை."

பொறி சாட்சிகளைக் கேட்டது. பாவாயி அம்மாள் தம் பெயரைத் தெளிவாகச் சொன்னார். அடுத்து துளசிமணி. வெகுநேரம் ஆயிற்று. என் அச்சம் அவர் மறுப்பார் என்பதல்ல. சொல்லும் வலு இருக்குமா என்பதுதான். சொன்னார்.

உடனே என் சுவரிலுள்ள வெப்பக் காற்று நின்றது. இத்தனை நாளும் அந்த ஓசை இருந்ததையே நான் கவனித்ததில்லை.

பொறி: "முதல் வீடு ஆளில்லா வீடாகப் பதிவு செய்யப்பட்டது. வணக்கம், விருந்தினரே. நல்வரவு. தங்கள் வீட்டில் இருபத்தெட்டு டிகிரி உள்ளது. வெப்பப் பங்கு முழுவதும் தேவையா?"

"தேவையில்லை. இதுவரை சேர்ந்ததும் இனிச் சேர்வதும் தேவையில்லை."

"பதிவு செய்யப்பட்டது. மூன்றாம் வீடு. திரும்பி வரும் பங்கு தேவையா?"

எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி இக்கேள்விக்கு எப்படிப் பதில் சொல்ல வளர்க்கப்பட்டாள் என்பது எனக்குத் தெரியும். என் விரல்கள் பொத்தானின் மேல் இருந்தன. நான் எதுவும் சொல்லக்கூடாது. வீட்டுத் தலைவரின் விடையில் பிறர் தலையிட்டால் செல்லாது.

"வேணும்" என்றார் துளசிமணி. "எங்களுக்கு வேணும்."

"பதிவு செய்யப்பட்டது. பாதிப் பங்கு மூன்றாம் வீட்டுக்கு. இரண்டாம் வீடு. மீதிப் பங்கு தேவையா?"

நாச்சிமுத்து வாய் திறக்கவில்லை.

"பதில் இல்லை. மறுக்கப்படவில்லை எனக் கொள்ளப்படும். பதிவு செய்யப்பட்டது."

அடைப்பு நாள் 19. நண்பகல்.

பாறை வழியே அதிர்வு வருகிறது. பம்பு ஓடுகிறது.

நாச்சிமுத்து இன்டர்காமில்: "வக்கீலுங்க. கேக்குதுங்களா? ஓட்டி வுட்டிருக்கறேன். பாதையில காத்து ரொம்பறதுக்கு நாளைக்குப் பொழுது சாயற வரைக்கும் ஆகுமுங்க. அதுக்கு முந்தி கதவு தொறக்காது. தொறந்தவொடனே வர்றனுங்க. தூங்கிப்போடாதீங்க. தூங்குனீங்கன்னா நான் சும்மா இருக்கமாட்டேன், ஆமா."

"சரிங்க."

"நேத்து பேசாமப் போனதுக்குக் கோவமா?"

"இல்லீங்க. பேசாம இருந்ததுதான் இன்னிக்கு உதவுச்சு."

அவருக்கு அது விளங்கச் சற்று நேரம் ஆயிற்று. பிறகு மிகக் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார். அன்பாகத்தான்.

அடைப்பு நாள் 19. மாலை.

மூன்றாம் வீடு: பதினாறு டிகிரி. குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. நிறைமதி கஞ்சி குடித்தாள். ஐம்பது வரை எண்ணினாள். நாற்பதுக்குப் பிறகு வரிசை தவறியது. நான் திருத்தவில்லை.

முதல் வீடு: உறைநிலைக்குக் கீழே ஒன்பது. இதை என் வீடு என எழுதக்கூடாது. திருத்திக்கொள்கிறேன்: நான் இருக்கும் இடம்.

போர்வைகள் அனைத்தையும் போர்த்தி, அரிசிப் பெட்டிகளுக்கு நடுவே கதவை ஒட்டி அமர்ந்துள்ளேன். சுவரில் என் மூச்சு படிந்து வெள்ளையாகிறது.

அடைப்பு நாள் 20.

நேரம் பார்க்கக் கையுறையைக் கழற்ற வேண்டும். கழற்றவில்லை.

பாவாயி அம்மாள் விடாமல் பேசுகிறார். யார் வீட்டுக் கல்யாணத்தில் யார் பந்தியில் சண்டை போட்டார் என்று. பதில் சொல்கிறேன். சில சமயம் பதில் சொன்னதாக நினைத்துக்கொள்கிறேன். "வக்கீலுங்க!" என்று கத்துகிறார். பிறகு சொல்கிறேன்.

நடுக்கம் நின்றுவிட்டது. அது நல்லதல்ல என்று படித்திருக்கிறேன்.

ஒரு சட்டப் பிரச்சினை. நான் ஒரம்பரை. ஒரம்பரை வீட்டில் காற்றுடை, வெந்நீர், மெத்தை எல்லாம் உள்ளன. சட்டப்படி நான் அங்குதான் இருக்கிறேன். இங்கு இருப்பது யார் என்று விதியில் இல்லை.

பம்பின் அதிர்வு இன்னும் வருகிறது. பொழுது சாயும்வரை இவ்வுடல் தாங்குமா என்பது குறித்து நான் கருத்துக் கூறவில்லை; கூறத் தகுந்த சான்று என்னிடம் இல்லை. கை எழுத வரும்போதே கையொப்பமிடுவது முறை எனக் கருதி இங்கே

இடுகிறேன்.

மேற்கண்டவை என் அறிவுக்கு எட்டியவரை உண்மை.

(ஒப்பம்) கு. தெய்வசிகாமணி
விருந்தினர், பனிவயல் குடியிருப்பு

சாட்சிகள் (குரல்வழி, கையொப்பம் பின்னர் பெறப்பட வேண்டும்):

1. பாவாயி, இரண்டாம் வீடு

2. துளசிமணி, மூன்றாம் வீடு

நிறைமதி, வயது நான்கு, மூன்றாம் வீடு. சட்டப்படி சாட்சியாகாள். விழித்திருக்கிறாள்.